ஓசூரோடு நின்றுபோன இருப்புப்பாதை

கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்தது 1905-இல். திருப்பத்தூரிலிருந்து வந்த கிளை அது. அடுத்த ஆண்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொரு கிளை போடப்பட்டு, 1913-இல் ஓசூரை எட்டியது. இரண்டுமே 762 மில்லிமீட்டர் அகலக் குறுகிய பாதைகள். நீராவி எஞ்சின்களே ஓடின. 1936-இல் முதலாவதும் 1941-இல் மற்றதும் மூடப்பட்டன. நாற்பது ஆண்டுகூட இவை தாக்குப்பிடிக்காததற்கு எஞ்சினின் வலுக்குறைவைவிட, அவை போடப்பட்ட நோக்கமே முதற்காரணம் என்பது என் கருத்து.

1876–78 பெரும்பஞ்சம் இவ்வூர்கள் அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையம், பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுசெல்லப் பாதுகாப்புப் பாதைகள் தேவை என்றது. இவ்விரு கிளைகளும் அந்த நோக்கில் போடப்பட்டவையே. அந்த வேலைக்கு, பிரதான பாதையிலிருந்து ஒரு மலிவான கிளை உள்ளே நீண்டால் போதும். ஆனால் அன்றாட வணிகத்துக்கு அது போதாது. மொரப்பூரில் பிரதான பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். சிறு வேகனில் வந்த ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, சுமந்து, பெரிய வேகனில் ஏற்றியாக வேண்டும். தூரம் குறைந்தாலும் இந்த ஏற்றிறக்குக் கூலி குறையாது. அதோடு, ஓசூரின் இயல்பான சந்தையான பெங்களூர் சாலைவழி சுமார் 40 கிலோமீட்டர்தான். ரயிலோ சரக்கை எதிர்த்திசையில் மொரப்பூருக்கு இழுத்துச் சென்றது.

பெங்களூர் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது, எல்லை தாண்டுவது எளிதா என்று கேட்கலாம். சென்னை ரயில்வே 1864-லேயே ஜோலார்பேட்டையிலிருந்து அந்த எல்லையைக் கடந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டை அடைந்துவிட்டது. எனவே எல்லை தாண்ட முடியாத சுவராக இருக்கவில்லை. பேருந்துப் போட்டியும் போரும்தான் கிளைகளைக் கொன்றன என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே பேருந்தையும் போரையும் சேலம் பிரதான பாதை தாங்கி நின்றது. நெருக்கடி வரும்போது முதலில் கைவிடப்படுவது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்று கருதப்படும் பாதை. குறுகிய பாதை இல்லையேல் அன்றைய நிதிநிலையில் எந்தப் பாதையும் வந்திராது என்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. பஞ்சத்துக்கு அது நியாயமான விடை. வணிகத்தை அது கணக்கிலேயே எடுக்கவில்லை.

1960-களில் சேலம்–பெங்களூர் மீட்டர் பாதை ஓசூரைத் தொட்டது, பின்னர் அகலப்பாதையாயிற்று. பாதை இம்முறை ஓசூரில் முடியாமல் அதைக் கடந்து போனதே முக்கிய வேறுபாடு. ஓசூரின் தொழில் வளர்ச்சிக்கு 1970-களில் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் உள்ள பங்கு பெரிது. அதை ரயிலின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் ரயில் நிலையமே இல்லாத மாவட்டத் தலைநகராக இருக்கும் கிருஷ்ணகிரிக்குப் புதுப் பாதை கேட்போர், எந்த ஊரில் தொடங்கும் என்பதோடு எந்தச் சந்தையில் போய்ச் சேரும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.