எண்டர்பி என்னும் கவிஞர்

மலாயாவில் அரசுக் கல்வி அலுவலராய் இருந்த ஆங்கில எழுத்தாளர் அந்தோணி பர்ஜெஸ், 1963-இல் ஜோசப் கெல் என்ற புனைபெயரில் ஒரு நகைச்சுவை நாவல் வெளியிட்டார். அதன் நாயகர் எண்டர்பிக்கு வயது 45. கழிப்பறையில் அமர்ந்தே கவிதை புனைவார். கையெழுத்துத் தாள்கள் குளியல் தொட்டியில் குவிந்து கிடக்கும். அசீரணமும் பொருந்தாத் திருமணமும் அவரைப் படுத்தும் பாடு கண்டு நகைக்கிறோம். கவிதை வற்றியதும் அவர் உயிர்விடத் துணிகிறார். மருத்துவரோ கவிதையை முதிராப் பருவத்தின் மிச்சமெனக் களைந்து, வேறு பெயரும் சூட்டிவிடுகிறார். கோப்புகளுக்கிடையே வெண்பா எழுதும் நம்மனோர்க்கு அங்கே சிரிப்பு அடங்கிவிடும்.

யார்க்‌ஷயர் போஸ்ட் நாளிதழ் இந்நூலைப் பர்ஜெஸிடமே மதிப்புரைக்கு அனுப்ப, அவரும் எழுதினார்; உண்மை வெளிப்பட்டு அவ்வேலையை இழந்தார். எண்டர்பியையோ அவர் விட்டபாடில்லை. 1974-இல் நாவலொன்றில் சாகடித்தவரை 1984-இல் மீண்டும் எழுப்பிவிட்டார்.