தொலாந்தால் யார் வீட்டுப் பெயர்?

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஒன்றுக்கு லால்லி தொலாந்தால் வீதி என்று பெயர். அதைத் ‘தொல் ஆண்ட ஆள்’ என்று பிரித்து, பிரெஞ்சுத் தளபதிக்கும் தமிழ்ப்பெயர்தான் என்று நிறுவுகிறவர்கள் முதலியார்பேட்டையில் சிலர் உண்டு. தேநீர்க்கடையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், இப்போது மேடையேறிவிட்டது. லால்லியைத் தாலாட்டின் ‘லாலி’யோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். 1760 இறுதியில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது தானியம் தீரவும் ஊர்மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்திப் பட்டினியில் தவிக்கவிட்டவர் அவர். அவருக்கா தாலாட்டு?

எதிர்க்கட்சியும் ஒன்றும் ஒழுங்கில்லை. ‘அது பிரெஞ்சுப் பெயர், விடுங்கள்’ என்கிறது. அதுவும் தவறு. தோமா ஆர்தர் லால்லி 1702 ஜனவரியில் பிரான்சின் ரோமான்ஸ் ஊரில் பிறந்தார், தாய் பிரெஞ்சுக்காரி. தந்தை ஜெரார்டு லால்லியோ அயர்லாந்தின் மேற்கே கால்வே நாட்டவர். 1691இல் லிமெரிக் உடன்படிக்கைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான அயர்லாந்துக் கத்தோலிக்கப் போர்வீரர்கள் பிரெஞ்சு மன்னனின் படைக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். அப்படிப் போனவர்களை அயர்லாந்தார் ‘காட்டு வாத்துகள்’ என்பார்கள்.

நமக்கு வாத்து வேண்டாம், ‘வலசை’ இருக்கிறது. இன்றைய பள்ளிப்பிள்ளைக்கு வலசை என்றால் வேடந்தாங்கல் பறவை. அகராதியைப் புரட்டினால், பகைப்படைக்கு அஞ்சிக் குடிகள் ஊர்விட்டு ஊர் பெயர்வதே அதன் பொருளாக நிற்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது மனிதர் பெயர்வையும் குறிக்கும் சொல். இராமநாதபுரத்துப் புதுவலசையும் ஈரோட்டுப் பெரியவலசும் பறவைகள் இறங்கிய இடங்களல்ல, மனிதர்கள் இறங்கிய இடங்கள் என்பேன். ஜெரார்டு லால்லி போனதும் வலசைதான்.

இனி ‘தொலாந்தால்’. கால்வே நாட்டில் டூவம் நகருக்கு வடக்கே ஒரு சிற்றூர், ஐரிஷ் மொழியில் ‘துலாக் ந டாலா’. துலாக் என்றால் மேடு. டால் என்றால் கூட்டம், அவை. அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்கு இன்றும் டால் என்றே பெயர். ஆக, அவை கூடும் மேடு. ஆங்கிலேயர் வாயில் அது துல்லினடாலி ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் நடு உயிரை விழுங்கி, மெல்லினத்தை மூக்கில் ஏற்றி, கடைசி உயிரையும் உதிர்த்தார்கள்: தொலாந்தால். சிலர் இதை ‘டாலி குடியாரின் மேடு’ என்று கொள்வார்கள். அந்தக் குடிப்பெயரே டால் என்ற வேரில் பிறந்ததுதான். தகப்பனை விட்டுவிட்டு மகனிடமிருந்து பிறப்புச் சொல்கிற கதை இது.

மேடும் அவையும் சேர்ந்த ஊர்ப்பெயர் நமக்கு அயலா? திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களை அடுக்கும்போது அவை கூடும் இடங்களான மன்றத்தையும் பொதியிலையும் சேர்த்தே சொல்கிறது. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் விளக்கேற்றுவதும் பொதியிலில். மேட்டுக்கோ எங்கும் போக வேண்டாம்; முதலியார்பேட்டையிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே போய் ஆற்றைத் தாண்டினால் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய மேடு. அதை ‘அருகன் மேடு’ என்று கொள்ளும் கருத்தை நான் ஏற்கிறேன். மறுப்பவர்கள் ‘அரிக்க’ என்பதற்கு வேறு பொருள் காட்டட்டும்.

குடிப்பெயரையும் பார்த்துவிடலாம். லால்லி என்பது முழுப்பெயரன்று. ‘ஓ மால் அலி’ என்று ஒலிக்கும் பழங்குடிப் பெயரின் வால். ‘ஓ’ என்றால் பேரன், வழித்தோன்றல். ‘மால்’ என்றால் மொட்டை. ஒரு புனிதருக்கு அடியார் என்பதை அந்நாட்டார் தலைமழிப்பால் குறித்தார்கள். திருமாலோடு இதை முடிச்சுப்போட யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

அந்த மேட்டின் பெயரைச் சுமந்துகொண்டு 1758 ஏப்ரல் 28இல் லால்லி இங்கே வந்திறங்கினார். கூலிக்கு ஆள் கிடைக்காதபோது சாதி பாராமல் ஊராரைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். தஞ்சைப் படையெடுப்பில் கீவளூர்க் கோயில் பிராமணர்களை ஒற்றர்கள் என்று பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் அவரை முறியடித்த அயர் கூட் யார்? அவரும் அயர்லாந்தில், லிமெரிக் பகுதியில் பிறந்தவர். லால்லியின் தந்தை சேர்ந்த கூட்டம் எந்த உடன்படிக்கையால் நாடு விட்டதோ, அதே லிமெரிக். நம் பாடநூல்கள் இதை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் போர் என்று ஒரே வரியில் முடித்துவிடும். 1761 ஜனவரி 16இல் புதுச்சேரி வீழ்ந்தது. அக்காலத்தை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை நான்கு நாள் முன்பே கண்மூடிவிட்டார். லால்லியைத் துரோகி என்று 1766 மே 9இல் பாரிசில் தலைவெட்டினார்கள். வால்தேரும் மகனும் போராடி 1778இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று ஆக்கினார்கள். மகனும் தொலாந்தால் என்றே எழுதிக்கொண்டார்.

‘எப்போதோ விட்டுப்போன மேட்டைப் பெயரில் வைத்திருந்தால் அது வெறும் பந்தா’ என்று மறுப்பவர்களை ரீயூனியன் தீவுக்கு அனுப்ப வேண்டும். 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் வழியினர் இன்று ‘மல்பார்’ எனப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க்குடியினர். மலபாரைக் கண்ணால் காணாதவர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி ராமசாமியும் முத்துசாமியும் அங்கே குடும்பப்பெயராகி, பிரெஞ்சு எழுத்தில் உறைந்துவிட்டன. பாட்டன் ஊர் எது என்று தேடி வருகிற பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சிதைந்த எழுத்துதான் முதல் தடயம்.

முதலியார்பேட்டைக்காரர்களுக்கு இது விளங்காமல் போகக் கூடாது. ‘முதலி’ பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் படைத்தலைமைப் பட்டம். ‘பேட்டை’ ஆங்கிலத்திலும் கோட்டைக்கு வெளியே உள்ள குடியிருப்பைக் குறிக்கப் புகுந்த நம் சொல். பட்டமும் இடமும் ஒட்டிய பெயர்தான் நம்முடையதும்.

தெருப்பலகையில் ‘டோலண்டல்’ என்று எழுதினாலும் சரி, ‘தொல்லாண்டாள்’ என்று எழுதினாலும் சரி, இரண்டும் பிழை. ‘தொலாந்தால்’ என்றே எழுத வேண்டும். அதன் முதல் பாதி துலாக், கடைசி அசை டால், இடையில் உள்ளது பிரெஞ்சுக்காரர் மூக்கு. வேறு பிறப்புச் சொல்பவர்கள் முதலில் ஐரிஷ் அகராதியைத் திறக்கட்டும்.