ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட மரபு

திருவள்ளுவர் தம் நூலின் 40ஆம் அதிகாரத்திற் கல்வியைக் கூறினார். 41ஆம் அதிகாரத்திற் கல்லாமையைக் கூறினார். அவற்றையடுத்து 42ஆம் அதிகாரத்திற் கேள்வியைக் கூறினார். கற்றவனாயினும் கல்லாதவனாயினும் கேட்டல் இருவர்க்கும் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். ஒரு நூலைத் தனியறையில் இருந்து கண்ணால் வாசித்து, மூடி, அலுமாரியில் வைத்துவிட்டாற் படிப்பு முடிந்தது என்று இக்காலத்து நாம் எண்ணுகின்றோம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். வாசித்ததை இன்னொருவர் செவியிற் சேர்ப்பித்த பின்னரே அந்நூல் படிக்கப்பட்டதாயிற்று என்பது அவர் கொள்கை. யாழ்ப்பாணத்துச் சைவ மக்களிடையே அக்கொள்கை எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு மாறியது, இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறிவிடுகின்றேன். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் கோயிலிற் கந்தபுராண படனம் நடந்துகொண்டிருந்தது. அன்று பயன் சொல்லும் பெரியவர் சுகவீனமுற்று வரவில்லை. கேட்க வந்திருந்தோர் எழுவர். என்னையொழிந்த அறுவரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். வாசிக்கும் ஐயா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “தம்பி, நீர் யூனிவேசிற்றியிலை படிக்கிறீர். இண்டைக்கு நீர் பயன் சொல்லும்” என்றார். யான் மிசன் பாடசாலையிற் கற்றவன். சேக்ஸ்பியரின் நாடகப் பகுதிகளைப் பாராமற் சொல்ல வல்லேன். கச்சியப்பரின் செய்யுளொன்றைப் பதம் பிரித்துப் பொருள் கூற என்னால் இயலவில்லை. ஐயா சினந்தாரல்லர். “அப்ப சரி. இப்ப நீர் என்ன புத்தகம் வாசிக்கிறீர்? அதையெண்டாலும் சொல்லும், கேப்பம்” என்றார். அவ்வாண்டு யான் வாசித்தவை அனைத்தும் பரீட்சைக் குறிப்புகள். அவ்வினாவுக்கும் என்னிடம் விடையில்லை.

அரங்கேற்றமும் படனமும்

தமிழ் நாட்டிலே பழங்காலத்தில் ஒரு நூல் உலகிற்கு வருவது அரங்கேற்றத்தினாலேயாம். புலவர் தாம் பாடியதை அவையிலே வாசிப்பார். கேட்போர் தடை நிகழ்த்துவர். புலவர் விடை கூறுவர். காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திற் கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது காப்புச் செய்யுளின் முதற் சந்திக்கு இலக்கண விதி எங்குளது என்று அவையோர் வினவினர் என்றும், வீரசோழியம் என்னும் இலக்கண நூலைக் கொண்டு அத்தடை நீங்கிற்று என்றும் கர்ணபரம்பரைக் கதை கூறும். கதை எவ்வாறாயினும் அதன் கருத்துத் தெளிவு. முருகப்பெருமானே முதலடி எடுத்துக் கொடுத்தார் என்று போற்றப்படும் நூலையும் கேட்போர் வினவாது விட்டாரல்லர்.

காஞ்சியிற் பிறந்த அந்நூல் குடிபுகுந்து வாழ்ந்த இடம் யாழ்ப்பாணம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நம் நாட்டு வாழ்க்கை முறைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயர் சூட்டினார்கள். ஆறு காண்டங்களும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் கொண்ட அப்பெருநூலை விலைகொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்தவர் சிலரே. ஆயினும் அதன் கதையை அறியாதார் இலர். அதற்குக் காரணம் புராண படனம்.

படனத்தின் முறையை நம்மிற் பலர் கண்டிராமையின் அதனைச் சிறிது விரித்துக் கூறுகின்றேன். கோயில் மண்டபத்தில் இருவர் அமர்வர். ஒருவர் வாசிப்பவர், மற்றவர் பயன் சொல்பவர். வாசிப்பவர் செய்யுளை இராகத்துடன் முழுவதும் வாசிப்பார். பின்னர் பொருள் முடிபு நோக்கிச் சொற்களைப் பிரித்துச் சிறிது சிறிதாக எடுத்துக் கொடுப்பார். பயன் சொல்பவர் ஒவ்வொன்றுக்கும் பொருள் கூறி, ஈற்றில் கருத்தையும் விளக்குவார். வாசிப்பவர் பிழையாகப் பிரித்தாற் பயன் சொல்பவர் இடர்ப்படுவர். பயன் சொல்பவர் தவறினால் அவையிலுள்ள முதியோர் திருத்துவர். எழுதப் படிக்க அறியாத ஆச்சி ஒருவர், முப்பது ஆண்டு கேட்ட பழக்கத்தால், கற்றவரைத் திருத்துதலும் உண்டு. சூரபன்மன் வதை வரும் நாளிலும், தெய்வயானையம்மை, வள்ளியம்மை திருமணப் படலங்கள் வரும் நாள்களிலும் பூசையும் பிரசாதமும் சிறப்பாக நிகழும். திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணமும், பிள்ளையார் பெருங்கதை நாள்களிற் பிள்ளையார் கதையும், சித்திரைப் பூரணையிற் சித்திரபுத்திரனார் கதையும் படிக்கப்படும். ஆகவே ஆண்டின் காலங்களே நூல்களின் காலங்களாக அமைந்திருந்தன. என் பாட்டியார் அயலூராரைக் கண்டால், “உங்கடை கோயிலிலை இப்ப எந்தப் படலம் படிக்கினம்?” என்று கேட்பார். இன்று நண்பர்கள் தம்முள் வினவும் வினாவும் அதுவேயன்றோ!

இம்மரபின் பெருமையைக் கூறும் நாம் அதன் குறையையும் மறைத்தலாகாது. கேட்கும் உரிமை எல்லார்க்கும் ஒரு தன்மைத்தாய் இருந்ததில்லை. சாதியின் பெயரால் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் மதிலுக்கு அப்பால் நின்றே கேட்டனர். 1957ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட்டம் நிகழ வேண்டியதாயிற்று. கந்தவேள் வேடர் மகளை மணந்த கதையைப் பயன் சொல்லிக்கொண்டே அடியாரை வெளியே நிறுத்தினோம் என்பது நாம் நாணத்தக்க வரலாறு.

ஏடும் அச்சும்

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினர். 1841இல் உதயதாரகைப் பத்திரிகையும், 1842இல் மானிப்பாய் அகராதியும் அச்சாகி வெளிவந்தன. அச்சு நூல் ஏட்டினின்றும் வேறுபட்டது. ஏடு ஒருவர் கையிலிருக்கும். மற்றவர் அவரிடம் செல்லல் வேண்டும். அச்சு நூலோ ஆயிரம் பேர் கைகளிற் சென்று தங்கும். ஆகவே தனியே வாசிக்கும் பழக்கம் அச்சோடு வளர்ந்தது எனலாம்.

இவ்விரு நெறிகளையும் இணைத்த பெரியார் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அவர் மெதடிஸ்த மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவர். பிரசங்க முறையை அங்கே நன்கு அறிந்தவர், 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் சைவப்பிரசங்கத்தை நிகழ்த்தினார். 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர் அச்சியந்திரமும் தருவித்தார். பெரியபுராணத்தை அவர் வசனமாக எழுதி 1852இல் வெளியிட்டது ஏன்? செய்யுளைப் பிரித்துப் பயன் சொல்வார் இல்லாத வீட்டிலும் அந்நூல் தானே பயன் சொல்லுமாறு செய்தற்கேயாம். வசனநூல் என்பது அச்சேறிய பயன் சொல்பவர் எனின் மிகையாகாது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்கள் செய்த தொண்டு இன்னொரு வகையானது. கையிலெடுத்தால் ஓரம் முரிந்து, கட்டை அவிழ்த்தால் இதழ் சிதறும் ஏடுகளைத் தேடிப் பெற்று, பிரதிகளை ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். கந்தபுராண அரங்கேற்றத்திற் கச்சியப்பருக்குத் துணையாயிற்று என்று கூறப்படும் அவ்வீரசோழியத்தை அச்சிலே ஏற்றியவர் ஈழத்தவரே என்பது நாம் மகிழ்தற்குரியது. அவர் முயற்சியில் நாம் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. பலர் படி எடுத்து வைத்திருந்த நூலை ஒப்புநோக்கிப் பதிப்பித்தல் கூடும். ஒருவரே பெட்டியிற் பூட்டி வைத்திருந்த நூல் பெட்டியோடு செல்லரித்துப் போகும்.

வாசிகசாலையும் நூலகமும்

இருபதாம் நூற்றாண்டில் ஊர்தோறும் வாசிகசாலைகள் எழுந்தன. ஈழகேசரியும் வீரகேசரியும் 1930இலும், தினகரன் 1932இலும் வெளிவரத் தொடங்கின. வாசிகசாலை வாங்கில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, தோட்டத்தால் வந்தோரும் கடலால் வந்தோரும் சூழ்ந்திருந்து கேட்பர். கேட்ட பின் தர்க்கமும் செய்வர். புராண மண்டபம் வாசிகசாலையாக மாறிற்று. பயன் சொல்லல் மாறவில்லை.

இவ்வூக்கத்தின் முடியாக எழுந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1933இற் கே. எம். செல்லப்பா அவர்கள் தம் வீட்டிலே இலவசமாக நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் அது பொது நூலகமாயிற்று. தாம் வாசித்ததைப் பிறரும் வாசித்தல் வேண்டும் என்ற ஒருவர் விருப்பமே அதன் வித்து. சென்னைச் சிற்பக்கலைஞர் நரசிம்மன் வரைந்த அழகிய கட்டடம் 1959 ஒக்டோபரிலே திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நள்ளிரவையொட்டி அது தீயிடப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பராயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியாலே பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர் நீத்தார். கிறித்தவத் துறவியாகிய அவரை நம் சங்க மேடையில் வணக்கத்துடன் நினைத்தல் நம் கடன்.

எரிந்தவற்றுள் அச்சு நூல்களுட் பல மீண்டும் கிடைத்தன; அவற்றின் பிரதிகள் பிறரிடம் இருந்தன. தனிப்பிரதியாய் இருந்த ஏடுகள் மீளவில்லை. தாமோதரம்பிள்ளையவர்கள் கண்ட அதே உண்மையை நம் தந்தையர் தலைமுறை தீயின் முன் நின்று கண்டது.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தாளும் அரிது, பாடசாலைக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சாயிற்று. ஜாம் போத்தல் விளக்கொன்றின் ஒளியில் வீட்டில் ஒருவர் வாசிக்க ஏனையோர் கேட்ட இரவுகளை என் பெற்றோர் கூறக் கேட்டிருக்கின்றேன். விளக்கு ஒன்றேயாகையால் வாசிப்பவரும் ஒருவரே. கேட்போர் வீட்டார் எல்லாரும். வறுமை பழைய மரபை மீண்டும் அழைத்துவந்தது போலும்! 2005இலே தன்னார்வலர் சிலர் நூலகம் என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் இலவசமாக வாசிக்க வழிசெய்தனர். செல்லப்பா அவர்களின் வீட்டு வாயில் உலகெங்கும் திறந்ததாயிற்று.

நம் கடமை

இக்காலத்து இளைஞர் வாசிப்பதில்லை என்று பெரியோர் குறை கூறுகின்றனர். அது முற்றும் உண்மையன்று. கைத்தொலைபேசியிலும் கணினியிலும் நாள்முழுதும் வாசிக்கின்றோம். நாம் விட்டது வாசித்தலையன்று, வாசித்ததற்குப் பயன் சொல்லுதலை. பெரியோரும் தம்மை வினவிக்கொள்ளல் வேண்டும். ஓர் இளைஞனைக் கண்டால், “சோதனை எப்படி? வேலை கிடைச்சதோ?” என்று கேட்பார் பலர், “இப்ப என்ன வாசிக்கிறாய்?” என்று கேட்பார் எத்துணைப் பேர்?

ஆதலின் நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றேன். மாதந்தோறும் ஒரு மாலை நாம் கூடுவோமாக. ஒவ்வொருவரும் தாம் அப்பொழுது வாசிக்கும் நூலைக் கொண்டுவந்து, அதன் ஒரு பக்கத்தை உரத்து வாசித்துப் பயன் கூறுக. அது திருமுறையாகலாம், நாவலாகலாம், விஞ்ஞான நூலாகலாம், பிற சமயத்தார் நூலுமாகலாம். பெரியோர் இருந்து கேட்டு, தவறினாற் திருத்துக. எக்குலத்தார், எவ்வூரார் என்று வினவாது எல்லார்க்கும் அம்மண்டபத்தில் இடம் அளிக்கப்படுக. செலவு யாதுமில்லை, பாயும் விளக்கும் போதும்.

விடுமுறை முடியுமுன் யான் அந்த ஐயாவிடம் மீண்டும் சென்றேன். ஒவ்வொரு மாலையும் ஒரு செய்யுளைப் பிரிக்கப் பழக்கினார். ஊரை விட்டுப் புறப்படுகையில் மூன்று செய்யுளுக்குப் பிழையின்றிப் பயன் சொல்லக் கற்றிருந்தேன். பதினாயிரத்திலே மூன்று சிறிய தொகைதான். ஆயினும் அவர் இனிக் காணும்போது, “தம்பி, இப்ப என்ன வாசிக்கிறீர்?” என்று கேட்பாராயின், தலைகுனியாது விடை கூறுவேன். அவ்வினாவை நம்முள் ஒருவரையொருவர் கேட்கும் நாள் விரைவில் வருவதாக.