பசுல்லா ரோடு டூ வெள்ளை மாளிகை: யார் முதல்ல நிறுத்துறது?

இன்னைக்கு எபிசோட் அணு ஆயுதம் பத்தி. கதை ஆரம்பிக்கிற இடம் நம்ம தி. நகர், பசுல்லா ரோடு. அங்கே குடியிருந்த ராஜாஜி, 1962 செப்டம்பர்ல, 83 வயசுல, அமெரிக்காவுக்குக் கிளம்பினார். செப்டம்பர் 28 அன்னைக்கு வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கென்னடியைச் சந்திச்சார். கேட்டது ஒண்ணுதான்: அணுகுண்டு சோதனையை நிறுத்துங்க.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1954 மார்ச் 1, பசிபிக் கடல்ல பிகினித் தீவு. அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடிச்சுப் பார்த்தது. தூரத்துல மீன் பிடிச்சிட்டிருந்த ஒரு ஜப்பான் படகு மேல கதிரியக்கச் சாம்பல் கொட்டுச்சு. ஒரே மாசத்துல, ஏப்ரல் 2 அன்னைக்கு, நேரு மக்களவையில் பேசினார்: ஆயுத ஒழிப்பு வர்றப்போ வரட்டும், அதுவரைக்கும் சோதனையையாவது எல்லாரும் நிறுத்தி வையுங்க.

ராஜாஜி இன்னும் ஒரு படி மேல போனார். எல்லாரும் சேர்ந்து நிறுத்தணும்னு காத்திருந்தா யாருமே நிறுத்த மாட்டாங்க. அதனால நீ முதல்ல நிறுத்து. இதுதான் அவரோட நிலைப்பாடு. இத்தனைக்கும் 1959-ல சுதந்திராக் கட்சியை ஆரம்பிச்சு நேருவைக் கடுமையா எதிர்த்துட்டிருந்தவர் அவர். ஆனா இந்த விஷயத்துல ரெண்டு பேரும் ஒரே பக்கம். 1962 ஜூன்ல காந்தி அமைதி நிறுவனம் டெல்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு நடத்துச்சு. அதுக்கப்புறம்தான் ராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் மூணு பேரும் தூதுக்குழுவா அமெரிக்கா போனாங்க.

கென்னடி பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ரெண்டு வல்லரசுகளும் சோதனையை நிறுத்தி வச்சிருந்தப்போ, 1961 செப்டம்பர்ல சோவியத் யூனியன் திரும்ப ஆரம்பிச்சது. அக்டோபர் 30 அன்னைக்கு சுமார் 50 மெகாடன் குண்டு. ஹிரோஷிமாவில் போட்டதைவிட 3,000 மடங்குக்கும் மேல! அமெரிக்காவும் பதிலுக்கு வெடிக்க ஆரம்பிச்சது. "நான் விட்டா அவன் ஏறிடுவான்" என்ற பயம் ரெண்டு பக்கமும். கோடிங் பண்றவங்களுக்குச் சொல்லணும்னா, இது கிளாசிக் டெட்லாக். ரெண்டு த்ரெட்டும் அடுத்தது லாக்கை விடட்டும்னு காத்திருக்கும். யாராவது ஒருத்தர் விட்டாதான் நகரும்.

சந்திப்பு முடிஞ்சு 18-ஆவது நாள், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருக்கிற படங்கள் கென்னடி மேஜைக்கு வந்துச்சு. உலகம் அணு ஆயுதப் போரோட விளிம்புக்கே போய்த் திரும்புச்சு. 1963 ஜூன் 10 அன்னைக்கு கென்னடி அறிவிச்சார்: மத்த நாடுகள் செய்யாத வரைக்கும், வளிமண்டலத்தில் நாங்க சோதனை செய்ய மாட்டோம். ஒரு பக்கம் லாக்கை விட்டாச்சு! ஆகஸ்ட் 5, மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. ராஜாஜி போனதாலதான் இது நடந்ததுன்னு சொல்ல முடியாது. கியூபா கொடுத்த பயம் பெரிசு. ஆனா அவர் சொன்ன வழியில்தான் கதவு திறந்தது.

முழுசா திறக்கலை. காற்றுல, தண்ணியில, விண்வெளியில சோதனைக்குத் தடை. பூமிக்கு அடியில அனுமதி. இந்தியாவும் அந்த மாசமே கையெழுத்துப் போட்டது. சீனா போடலை, 1964 அக்டோபர் 16 அன்னைக்கு குண்டு வெடிச்சது. ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்னைக்கு காலமானார். அடுத்த 17 மாசத்துல, 1974 மே 18, பொக்ரான். பூமிக்கு அடியில. அதனால ஒப்பந்தத்தை மீறலை. அதை வடிவமைச்சவங்கள்ல ஒருத்தர், சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம். 'அமைதிக்கான அணுவெடிப்பு' என்றது அரசு. 1998 மே மாசம் திரும்பப் பொக்ரானில் அஞ்சு சோதனை நடந்தப்போ அந்த அடைமொழி போயாச்சு. அப்போ அணுசக்தி ஆணையத் தலைவர் அதே சிதம்பரம்.

இன்னைக்கு இந்தியாவோட கொள்கை, 2003-ல அரசு வெளியிட்டபடி, "முதல்ல பயன்படுத்த மாட்டோம்". ஆயுத ஒழிப்புக்கும் ஆதரவுதான், எல்லா நாடும் சேர்ந்து செஞ்சா. 2017-ல ஐ.நா.வில் வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துல இந்தியா சேரலை. அணு ஆயுதம் வச்சிருக்கிற எந்த நாடும் சேரலை.

1962-ல கென்னடி சொல்லியிருக்கக்கூடிய பதிலைத்தான் இன்னைக்கு டெல்லி சொல்லுது. பசுல்லா ரோட்டுலேர்ந்து போன கேள்வி இப்போ நம்ம வாசலுக்கே வந்து நிக்குது: முதல்ல யாரு?