வழக்கறிஞர் கழகமும் குடிமை உரிமையும்: அமெரிக்க உரிமைச் சாசனக் குழுவின் பணிகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் உரிமைகள் சாசனத்தில் எழுதப்பெறுதல் வேறு. அவை வாழ்வில் காக்கப்பெறுதல் வேறு. எழுத்தில் உள்ள உரிமை தானே எழுந்து நடவாது. அதனை மன்றத்தில் எடுத்துரைப்பார் வேண்டும். எடுத்துரைத்தலையே தொழிலாக உடையவர் வழக்கறிஞர். எனினும் தம்பால் வந்தவர்க்காக வாதிடுதல் அவர்தம் தொழிலின் இயல்பேயன்றி, வாராதவர்க்காக வாதிடுதல் அதன் இயல்பு அன்று. ஆகவே ஒரு வினா எழுகின்றது. குறிப்பிட்ட ஒரு வழக்காளியின் சார்பில் அன்றி, உரிமை என்னும் கொள்கையின் சார்பில் வழக்கறிஞர் கழகம் மன்றம் ஏறலாமா? ஏறின், தான் விரும்பாத மக்களுக்காகவும் ஏறுமா?

இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு அமெரிக்க வழக்கறிஞர் கழகத்தின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். 1938-ஆம் ஆண்டில் அக்கழகம் உரிமைச் சாசனக் குழு ஒன்றை அமைத்தது. 1966-இல் குடிமை உரிமைக்கெனவே தனிப் பிரிவு ஒன்றைத் தோற்றுவித்தது. இவ்விரண்டின் பணிகளையும், அவற்றின் நிறைகுறைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழுவின் தோற்றம்

அமெரிக்க வழக்கறிஞர் கழகம் 1878-இல் நியூயார்க்கு மாநிலத்துச் சரடோகா ஊற்றூரில் நிறுவப்பெற்றது. தொழில் ஒழுக்கம், சட்டக் கல்வி, சட்டச் சீர்மை ஆகியவையே அதன் முதன்மை நோக்கங்கள். பெரும் நிறுவனங்களுக்கு வாதிட்ட வழக்கறிஞர் பலர் அதில் செல்வாக்குப் பெற்றிருந்தமையின், பழமை பேணும் அமைப்பு என்றே அது கருதப்பட்டது. குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட்டின் புதிய பொருளாதாரத் திட்டங்களைக் கழகத்தார் பலர் வெறுத்தனர். இதனை ஏலாத முற்போக்கு வழக்கறிஞர்கள் 1937-இல் தேசிய வழக்கறிஞர் சங்கம் என்னும் வேறோர் அமைப்பைக் கண்டனர்.

இச்சூழலில் பழமை பேணுவாரிடமிருந்தே ஒரு குரல் எழுந்தது வியத்தற்குரியது. கிரென்வில் கிளார்க் என்பார் நியூயார்க்கு நகரின் புகழ்மிக்க வழக்கறிஞர். 1937-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட உரூசுவெல்ட்டு முயன்றபோது அதனை முன்னின்று எதிர்த்தவர். அவர் 1938-இல் ஆற்றிய உரை ஒன்று, பழமை பேணுதலும் குடிமை உரிமையும் பற்றியது. குடிமை உரிமைக் காவலை இடதுசாரியினர்க்கே விட்டுவிடுதல் பழமை பேணுவோர்க்குத் தகாது என்பதே அதன் சாரம். சொத்துரிமைக்கு மட்டும் சாசனத்தைத் துணைக்கழைத்துப் பேச்சுரிமைக்கு வாய்மூடி இருப்பவரின் சொல்லை நாடு நம்பாது என்னும் கருத்தும் அதனுள் அடங்கும்.

அவ்வாண்டிலேயே கழகத்தின் தலைவர் பொறுப்பேற்ற பிராங்க் ஓகன் காலத்தில் உரிமைச் சாசனக் குழு அமைந்தது. கிளார்க்கே அதன் தலைவரானார். பேச்சுரிமை பற்றி 1920-இல் நூல் எழுதிப் புகழ்பெற்ற ஆர்வர்டு சட்டப் பேராசிரியர் செக்கரையா சேபி அதன் உறுப்பினருள் ஒருவர். இக்குழு 1940 முதல் 1942 வரை உரிமைச் சாசன ஆய்வு என்ற காலாண்டிதழையும் வெளியிட்டது.

குழுவின் தலையாய கருவி, மன்ற நண்பர் என்னும் நிலையில் அளிக்கப்பெறும் வாதவுரை ஆகும். வழக்கில் தமக்கு நேரிய பயன் இல்லாதவர், வழக்கின் இருபாலார்க்கும் அப்பால் நின்று, சட்டப் பொருளை மன்றத்திற்கு விளக்கும் முறை இது. பயன் கருதாது வருபவரின் சொல் என்பதே இதன் வலிமை.

ஜெர்சி நகர வழக்கு

குழுவிற்கு முதல் தேர்வாக வந்தது ஜெர்சி நகர வழக்கு. அந்நகரத் தலைவர் பிராங்க் ஏகு தொழிற்சங்கத்தாரைத் தம் நகருள் நுழையவிடாமல் தடுத்தார். சங்கத்தார் துண்டறிக்கை வழங்கியபோது சிறைப்பட்டனர். சிலர் காவலரால் நகர எல்லைக்கு அப்பால் கொண்டு விடப்பட்டனர். பொதுவிடத்தில் கூட்டம் நடத்த இசைவு வேண்டும் என்றும், கலகம் விளையும் எனக் கருதினால் அதிகாரி இசைவை மறுக்கலாம் என்றும் நகர விதி கூறிற்று. கூட்டத்தை எதிர்ப்பார் கலகம் செய்வர் என்று காட்டி, கூட்டம் நடத்துவாரின் வாய் அடைக்கப்பட்டது.

இவ்வழக்கில் கழகத்தின் குழு மேல்முறையீட்டு மன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் வாதவுரை அளித்தது. எதிர்ப்பாரின் வன்செயலுக்கு அஞ்சிப் பேசுவாரைத் தடுத்தல் நீதி அன்று. பேசுவார்க்குக் காவல் அளித்தலே அரசின் கடமை என்பது அதன் உயிர்நாடி. இல்லையேல், கல்லெறிவதாக அச்சுறுத்தும் எவரும் பிறருடைய பேச்சுரிமையைப் பறித்துவிடலாம் அன்றோ?

1939 ஜூன் 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்ற அளவில் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெருக்களும் பூங்காக்களும் தொன்றுதொட்டு மக்கள் கூடிக் கருத்துரைப்பதற்கென அறக்காவலில் உள்ளவை என்னும் கருத்தை நீதிபதி ஓவன் இராபர்ட்ஸ் வெளியிட்டார். பொதுவிடத்தில் பேசும் உரிமை பற்றிப் பின்னர் எழுந்த சட்டக் கோட்பாட்டிற்கு இதுவே அடிப்படை ஆயிற்று.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. தொழிற்சங்கப் பேரவை கழகத்தாரின் நண்பர் அன்று. கழகத்தாருள் பலர் தொழிற்சங்கங்களுக்கு எதிராக வாதிட்டுப் பொருளீட்டியவர். அத்தகையோரின் குழு தொழிற்சங்கத்தின் பேச்சுரிமைக்காக எழுந்தது என்பதே அவ்வாதவுரைக்கு மதிப்பைத் தந்தது.

கொடிவணக்க வழக்குகள்

இரண்டாம் தேர்வு இதனினும் கடியது. பென்சில்வேனியா மாநிலத்து மைனர்சுவில் என்ற சிற்றூரில், 1935-இல், யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சார்ந்த இரு சிறார் பள்ளியில் தேசியக் கொடியை வணங்க மறுத்தமையால் நீக்கப்பட்டனர். இறைவனையன்றிப் பிறிதொன்றை வணங்கலாகாது என்பது அவர்தம் நம்பிக்கை. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, கழகத்தின் குழு சிறாரின் சமய உரிமையை ஆதரித்து வாதவுரை அளித்தது. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த காலம் அது. நாட்டுப்பற்றுக்கு மாறானவர் என்னும் பழியைக் குழுவினர் எளிதில் அடைந்திருக்கக்கூடும்.

1940 ஜூன் 3-இல் தீர்ப்பு 8-க்கு 1 என்ற அளவில் சிறார்க்கு எதிராக அமைந்தது. நாட்டின் ஒருமைப்பாட்டை வளர்க்கும் வழியைத் தேர்தல் பள்ளியாளரின் பொறுப்பு, மன்றம் அதில் தலையிடாது என்றார் நீதிபதி பிராங்பர்ட்டர். நீதிபதி ஆர்லன் இசுட்டோன் ஒருவரே மாறுபட்டார். தீர்ப்பை அடுத்து நாட்டின் பல பகுதிகளில் அச்சமயத்தார் தாக்கப்பட்டனர்.

தோல்வியுடன் குழு ஓய்ந்துவிடவில்லை. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் அதே சிக்கல் எழுந்தபோது குழு மீண்டும் வாதவுரை அளித்தது. சேபியும், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஏப் பார்ட்டாசும் அப்போது குழுவில் இருந்தனர். 1943 ஜூன் 14-ஆம் நாள், கொடி நாளன்றே, உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பை 6-க்கு 3 என்ற அளவில் மாற்றிற்று. நீதிபதி இராபர்ட் ஜாக்சன் இவ்வழக்கைச் சமய உரிமை என்ற அளவில் நிறுத்தாது, பேச்சுரிமையாக விரித்தார். பேசும் உரிமையுள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்னும் கருத்து இதனால் நிலைபெற்றது.

இம்மாற்றம் குழுவின் வாதவுரையால் மட்டும் விளைந்தது எனல் பொருந்தாது. முன்னர்ப் பெரும்பான்மையில் இருந்த பிளாக், டக்ளஸ், மர்பி ஆகிய மூவரும் 1942-இலேயே வேறொரு வழக்கில் தம் மனமாற்றத்தை வெளிப்படையாகக் கூறியிருந்தனர். புதிய நீதிபதிகளும் வந்திருந்தனர். ஜெர்சி நகர வழக்கில் உரிமையின் பக்கம் நின்ற இராபர்ட்ஸ் இவ்வழக்கில் எதிரணியில் நின்றார் என்பதையும் காண்கின்றோம். எனவே வாதவுரையின் பயனை மிகைப்படுத்தலாகாது. ஆயினும், சிறுபான்மையினரின் வழக்கு நாட்டின் பெரிய வழக்கறிஞர் கழகத்தின் வாயிலாகவும் மன்றத்தில் ஒலித்தது என்பது மறுக்கவொண்ணாத செய்தி.

கழகத்தின் முரண்பாடு

குழுவின் சிறப்பைக் கூறுமிடத்துக் கழகத்தின் குறையை மறைத்தல் ஆய்வு நெறி அன்று. 1912-இல் கறுப்பின வழக்கறிஞர் மூவர் கழகத்தில் இடம்பெற்றனர். அவர்தம் இனம் தெரிந்தபின் ஆட்சிக் குழு அவர்களை நீக்க முற்பட்டது. இறுதியில் அவர்கள் இருக்க விடப்பட்டனர். ஆனால் இனிமேல் உறுப்பினராக விரும்புவோர் தம் இனத்தைத் தெரிவித்தல் வேண்டும் என்ற விதி பிறந்தது. இதனால் கறுப்பின வழக்கறிஞர்கள் 1925-இல் தமக்கெனத் தேசிய வழக்கறிஞர் கழகம் ஒன்றை நிறுவிக்கொண்டனர். உறுப்புரிமைக்கு இனம் தடையன்று என அமெரிக்க வழக்கறிஞர் கழகம் தீர்மானித்தது 1943-இல்தான். கொடிவணக்கத் தீர்ப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

பொதுவுடைமை அச்சம் பரவிய காலத்திலும் கழகம் தடுமாறிற்று. வழக்கறிஞர்கள் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லர் என உறுதிமொழி அளித்தல் வேண்டும் என்று 1950-இல் அது பரிந்துரைத்தது. சிறாரின் மனச்சான்றைக் கட்டாயப்படுத்தலாகாது என வாதிட்ட குழுவைப் பெற்ற கழகமே, ஏழாண்டுகளின் பின் தன் தொழிலினரின் மனச்சான்றைச் சோதிக்க முற்பட்டது! தனக்கு அச்சம் இல்லாத இடத்தில் உரிமை காத்தல் எளிது; அச்சம் உள்ள இடத்திலேயே அதன் உண்மை விளங்கும்.

குழு பிரிவாக மலர்தல்

1960-ஆம் ஆண்டுகளில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிற்று. 1963 ஜூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் கென்னடி 200-க்கு மேற்பட்ட வழக்கறிஞரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, இப்போராட்டத்தில் அவர்தம் கடமையை வலியுறுத்தினார். 1964-இல் குடிமை உரிமைச் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் இயற்றப்பெற்றன. இவற்றை அடுத்து, 1966-இல், தனியாள் உரிமையும் கடமையும் என்ற பெயரில் கழகத்துள் ஒரு பிரிவு அமைந்தது.

குழுவிற்கும் பிரிவிற்கும் உள்ள வேறுபாடு அறியத்தக்கது. குழு என்பது அமர்த்தப்பெற்ற சிலரால் ஆகியது. பிரிவு என்பதோ விரும்பிச் சேரும் உறுப்பினரையும், தனக்கென ஓர் அவையையும், வெளியீடுகளையும் உடையது. ஆயினும் பிரிவின் கருத்துத் தானே கழகத்தின் கொள்கை ஆகாது. 1936-இல் தோன்றிய பேராளர் அவை ஏற்றால்தான் அது கழகத்தின் குரலாகும். உரிமையை விரும்புவோர் தம்முள் பேசி மகிழ்ந்து அமைதல் இயலாது. மாறுபட்ட கருத்துடைய பெருந்தொகையினரை இணங்கச் செய்தல் வேண்டும். இது தடையும் ஆகும், வலிமையும் ஆகும். இணங்கச் செய்தபின் அக்கருத்து ஒரு பிரிவாரின் விருப்பம் என்று தள்ளப்படாது, நாட்டு வழக்கறிஞரின் முடிவு என்ற மதிப்பைப் பெறும்.

இதற்குச் சான்று 1997-ஆம் ஆண்டுத் தீர்மானம். கொலைத் தண்டனை வழக்குகளில் தகுந்த வழக்கறிஞர் துணையும், இனப் பாகுபாடற்ற முறையும் உறுதிப்படும் வரை அத்தண்டனைகளை நிறைவேற்றாது நிறுத்திவைத்தல் வேண்டும் எனப் பிரிவு முன்மொழிந்தது. பேராளர் அவை அதனை ஏற்றது. கொலைத் தண்டனை அறமா அன்றா என்ற பூசலுள் புகாமல், அதனை வழங்கும் முறை நேரியதா என்ற வினாவை மட்டும் எழுப்பியமையால், இருவேறு கருத்தினரும் ஒன்றுபட முடிந்தது. 2015-இல் இப்பிரிவு குடிமை உரிமை, சமூக நீதிப் பிரிவு எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இந்திய மன்றத்தில் எதிரொலி

கொடிவணக்க வழக்குகளின் செல்வாக்கு அமெரிக்காவுடன் அமையவில்லை. 1985-இல் கேரள மாநிலத்துப் பள்ளி ஒன்றில் அதே சமயத்தைச் சார்ந்த சிறார் மூவர், நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், தாம் பாடாமையால் நீக்கப்பட்டனர். 1986-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்குமாறு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி 1940, 1943 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்கத் தீர்ப்புகள் இரண்டையும் ஆராய்ந்து, பின்னதன் வழியே தம் சிந்தனையைச் செலுத்தினார். நம் அரசியலமைப்பின் 19, 25 ஆகிய பிரிவுகளே முடிவிற்கு அடிப்படை. எனினும் அயல்நாட்டு மன்றத்தில் முன்னர் நிகழ்ந்த வாதம் நம் மன்றத்திற்கு ஒளியாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, வழக்கறிஞர் கழகத்தின் உரிமைப் பணிக்கு மதிப்பு வருவது, அது தனக்கு வேண்டாதவர்க்காகப் பேசும்போதுதான். இரண்டாவது, மன்றத்தில் உரிமை பேசும் கழகம் தன் அவைக்களத்தில் அதனை மறுக்குமாயின், அதன் சொல்லும் செயலும் ஒன்றையொன்று வெட்டும். மூன்றாவது, தோற்ற வழக்கின் வாதமும் வீணாவதில்லை. 1940-இல் மன்றம் ஏற்காத வாதம் 1943-இல் சட்டமாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் கடல் கடந்து, பெயரறியாச் சிறார் மூவர்க்குப் பள்ளியின் கதவைத் திறந்தது.

சாசனங்களின் வரலாறு தீர்ப்புகளைக் கொண்டே பெரிதும் எழுதப்படுகின்றது. தீர்ப்புக்கு முன்னே வாதம் உண்டு. வாதத்திற்கு முன்னே, வாதிடத் துணிந்தார் உண்டு. அவர்தம் அமைப்புகளையும் ஆராய்தல் வரலாற்று மாணவர்க்கு உரிய கடன் ஆகும்.