தவணையில் வந்த தையல் மிஷின்

குழு ஆரம்பித்த வருஷத்துத் தீர்மான நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்தக் குழுவாக இருந்தாலும் உள்கடன் பக்கத்தில் நாலைந்து காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அடகு நகை மீட்க, ஸ்கூல் ஃபீஸ் கட்ட, ஆஸ்பத்திரி செலவுக்கு, கறவை மாடு வாங்க, தையல் மிஷின் வாங்க. தாம்பரம் பக்கம் மாடு குறைந்துவிட்டது, மிஷின் குறையவில்லை. இப்போது நம் கூட்டமைப்பில் லாங் ஆர்ம் குயில்டிங் மிஷின் ஒன்றைப் பொதுவில் வாங்கலாமா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால், தையல் மிஷின் நம் கைக்கு எப்படி வந்தது, வந்தது நம்மிடம் எப்படித் தங்கியது என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம்.

மிஷினைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாம் வெளிநாட்டு ஆண்கள். 1830-ல் பிரான்சில் திமோனியே என்பவர் ஒரு மிஷின் செய்து ராணுவத்துக்குச் சீருடை தைத்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் கூட்டமாக வந்து அவர் மிஷின்களை உடைத்துப் போட்டார்கள். 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கினார். 1851-ல் ஐசக் சிங்கர் வந்தார். மிஷின் நன்றாகத்தான் இருந்தது, விலைதான் 100 டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாது. அப்போது சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856-ல் ஒரு வழி செய்தார். கொஞ்சம் முன்பணம் கட்டு, மிஷினை வீட்டுக்குக் கொண்டு போ, மாதாமாதம் கட்டு, கட்டாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம். நமக்கு நன்றாகத் தெரிந்த கணக்குதான். என்னைக் கேட்டால், ஊசியின் நுனியில் கண் வைத்தது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்போ, இந்தத் தவணையும் அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு.

காந்தியடிகளுக்கும் இந்த மிஷின் பிடித்திருந்தது. 1924-ல் தில்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று அவரிடம் கேட்டார். இல்லை, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு உண்டு, மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் செய்யப்பட்டது அது என்று காந்தி சொன்னார். நிஜ சிங்கர் ஒரு நாடக நடிகர். பல பெண்களோடு குடும்பம் நடத்தியவர். ரிப்பேருக்கு வந்த வேறொருவர் மிஷினைப் பார்த்து, அதைத் திருத்திப் பணம் பண்ணியவர். மனைவி ஊசி பிடித்துக் குடும்பத்தைத் தாங்கிய கதை ஹோவுக்குத்தான் கொஞ்சம் பொருந்தும். போகட்டும். கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னால் டாக்டர் சௌந்தரம் அம்மாளைக் கல்யாணம் செய்து, 1947-ல் அவரோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை ஆரம்பித்தார்.

இந்தியாவுக்கு மிஷின் 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. சிங்கர் கம்பெனி இங்கேயும் தவணைக்குக் கொடுத்தது. ஆனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் கடைத் திண்ணையில் உட்கார்ந்து தைத்த ஆண் டெய்லர்கள். வசதியான வீட்டுப் பெண்கள் கொஞ்சம் பேர் பொழுதுபோக்குக்கு வாங்கினார்கள். கூலிக்குத் தைத்த பெண்ணின் பெயரில் மிஷின் இருந்தது அபூர்வம். 1930-களில் கல்கத்தாவில் ஜெய் என்ஜினியரிங் கம்பெனி ஊஷா மிஷினைச் செய்ய ஆரம்பித்தது. பிறகு லூதியானா முழுக்க மிஷினும் உதிரி பாகமும் செய்யும் பட்டறைகள் வந்தன. மிஷின் நம் விலைக்கு இறங்கியது அதனால்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் இந்த வரலாறு தரையில் பரப்பி வைத்திருக்கும். பழைய கறுப்பு மிஷின் தலையைத் திருப்பி எண்ணைப் பாருங்கள். சில மிஷின்கள் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் செய்தவை. அந்த ஃபேக்டரியை 1980-ல் மூடிவிட்டார்கள். அங்கே செய்த மிஷின் இங்கே இன்னும் ஓடுகிறது.

நம் பக்கத்து வரலாறு வேறு மாதிரி. 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் தோல் கம்பெனியால் வந்தது. 1984-ல் சானடோரியம் பக்கத்தில் மெப்ஸ் ஆரம்பித்தார்கள். அதற்குள் வந்த எக்ஸ்போர்ட் கம்பெனிகளில்தான் நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் பவர் மிஷினில் கை வைத்தார்கள். காலையில் ரயிலில் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். ஒருத்தி காலர் மட்டும், ஒருத்தி கை மட்டும், ஒருத்தி பட்டன் காஜா மட்டும். வேகம் வந்தது, சம்பளம் வந்தது, பி.எஃப். வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. மிஷின் நின்றால் கையைத் தூக்கி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. பத்து வருஷம் காலர் தைத்த அக்காவுக்கு ஷட்டிலைக் கழற்றத் தெரியாது. அவர்கள் மேல் குற்றம் இல்லை, வேலையைப் பிரித்த விதம் அப்படி.

அரசாங்கம் வேறு வழியில் மிஷின் கொடுத்தது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் உள்ள இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் விதவைகள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் என்று பலர் வாங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள் தைத்தன. பிறகு நாம் வந்தோம். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழு முயற்சி, 1992-ல் நபார்டு வங்கி இணைப்பு, 1997-98-ல் மகளிர் திட்டம். சொந்தச் சேமிப்பை ஈடாக வைத்து, கணவர் கையெழுத்து இல்லாமல் மிஷின் வாங்கலாம் என்ற நிலைமை அப்போதுதான் வந்தது. ரசீதில் நம் பெயர் இருந்தது.

ஆனால் வாங்கிய மிஷின் எல்லாம் ஓடியதா? இல்லை. வீட்டுக்கு வீடு மூலையில் துணி போட்டு மூடிய மிஷின்கள் உண்டு. காரணம் விசாரித்தால் பெரிய உடைசல் எதுவும் இருக்காது. எண்ணெய் இல்லையென்று தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது சில நாளில் பிசினாகி சக்கரத்தை இறுக்கிவிடும். மண்ணெண்ணெய் விட்டு ஓட்டித் துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். பல்லுக்கு அடியில் பஞ்சு அடைத்திருக்கும். மழுங்கிய ஊசியை மாற்றாமல் டென்ஷனைத் திருகித் திருகிக் கெடுத்திருப்பார்கள். பத்து ரூபாய் ஊசிக்காக ஒரு மிஷின் படுத்துக் கிடக்கும்.

2015 டிசம்பர் வெள்ளம் இதை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. படகில்தான் ஆட்களை வெளியே கொண்டு வந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் சேறு பூசிய மிஷின்கள் வாசலில் வந்து உட்கார்ந்தன. பயத்தில் உடனே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவர்களின் மிஷினில் மணல் அரைத்துவிட்டது. மோட்டாரைக் காயவைக்காமல் பிளக் போட்டவர்களுக்கு மோட்டார் புகைந்தது. பிளைவுட் மேஜை ஊதிப் பிரிந்தது. ஆனால் பழைய தேக்குப் பலகையும் இரும்புக் காலும் உள்ள மிதி மிஷின்கள் பிழைத்தன. அதிலும் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, வெயிலில் வைத்து, எண்ணெய் ஓட்டை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, மெதுவாக அசைத்து, துடைத்து, மறுநாளும் அதையே செய்தவர்களின் மிஷின் பொங்கலுக்கு ஜாக்கெட் தைத்தது. எங்கள் தெருவில் அப்படி மிஷினைத் திறக்கத் தெரிந்தவர் ஒரே ஒரு வயசான அம்மா. ஒரு வாரம் அவர் வீட்டுக்குச் சாப்பாடு மற்ற வீடுகளிலிருந்துதான் போனது.

இப்போது லாங் ஆர்முக்கு வருவோம். நம் சாதாரண மிஷினில் ஊசி நின்ற இடத்தில் நிற்கும், துணியை நாம் நகர்த்துவோம். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே லைனிங் என்று மூன்று அடுக்குப் போர்வையை அந்த ஆறேழு அங்குல இடுக்கில் சுருட்டித் தள்ளுவது பெரிய பாடு, தோள் இறங்கிவிடும். லாங் ஆர்மில் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிடுவார்கள். மிஷின்தான் தண்டவாளத்தில் ஓடும். கழுத்து 18 அங்குலத்திலிருந்து 26 அங்குலம் வரை இருக்கும். 1980-களில் அமெரிக்காவில் வீட்டுப் பெண்களுக்கென்று இதை விற்க ஆரம்பித்தார்கள். அங்கே பலர் கடனில் ஒன்று வாங்கி, ஊரார் போர்வைகளைக் கூலிக்குத் தைத்து அந்தக் கடனை அடைத்தார்கள். சென்னையிலும் குயில்டிங் செய்பவர்கள் இருக்கிறார்கள், 2019-ல் இங்கே குயில்ட் திருவிழாவே நடந்தது. நமக்குப் பழம்புடவையை அடுக்கிப் போர்வை தைப்பது புதுசு இல்லை. கட்டிங் வேஸ்ட் துணியும் நம் பக்கம் கிடைக்கும்.

விலைதான் இடிக்கிறது. சட்டத்தோடு நல்ல மிஷின் என்றால் பல லட்சம். சட்டம் இல்லாமல் மேஜையில் உட்கார்ந்து தைக்கும் நீளக் கழுத்து மிஷின் அதைவிட மலிவு. அதில் துணியை நாமே நகர்த்த வேண்டும், ஆனால் இடம் தாராளம். முதலில் அதில் பழகலாம் என்பது என் கருத்து. சட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி நீளமான, மட்டம் பார்த்த தரை வேண்டும். தரை சாய்ந்தால் மிஷின் தானாக ஒரு பக்கம் ஓடும். மின்சாரம் ஏறி இறங்கினால் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும், ஸ்டெபிலைசர் கட்டாயம். பாபின் மாற்றும்போதெல்லாம் பஞ்சு தட்டி ஹூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். தண்டவாளத்தில் நூல் துண்டு ஒன்று கிடந்தாலும் தையலில் துள்ளல் தெரியும். ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் டைமிங் தவறினால் தையல் விழாது. அதைச் சரி செய்ய ஆள் எங்கிருந்து வருவார், ஹூக் இங்கே கிடைக்குமா, கப்பலில் வர வேண்டுமா என்று விலை பேசும்போதே கேட்க வேண்டும்.

போன கூட்டத்தில் கிழக்குத் தாம்பரம் குழுக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். விற்பவர் நம் பெண்கள் 4 பேருக்கு மிஷினைக் கழற்றி மாட்டவும் டைமிங் வைக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும், அந்த 4 பேரும் நம் முன்னால் செய்து காட்டிய பிறகுதான் முன்பணம். அதைத் தீர்மான நோட்டில் எழுதியாயிற்று. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் தங்கள் குழுப் பிரதிநிதியிடம் சொல்லவும். தைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கப் பயப்படாமல் இருந்தால் போதும்.