கண்ணுக்கும் வில்லைக்கும் இடையில்: துவக்குத் தொலைகாட்டியின் சமூக வரலாறு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆக்கியவரின் பெயரும் காப்புரிமை பெற்ற ஆண்டும் பேணப்படுகின்றன. கருவியைத் தோளில் தாங்கியவரின் உடலும், அதன் மறுமுனையில் நின்றவரின் உயிரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. துவக்கின்மேற் பூட்டப்படும் தொலைகாட்டி இதற்குத் தக்க சான்றாகும். அதன் பின்வில்லைக்கும் குறிபார்ப்பவரின் கண்ணுக்கும் இடையே இருக்கவேண்டிய சிறு தூரமொன்று உண்டு. அதனை ஈண்டுக் 'கண்விலக்கம்' எனக் குறிப்பிடுவோம். அவ்வொரு தூரத்தின் வழியே ஒரு நீண்ட வரலாற்றை நோக்க முற்படுகின்றோம்.

முதலிற் பொருளின் இயல்பைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். தொலைகாட்டியினுள் நுழையும் ஒளி பார்வைத்துண்டைக் கடந்தபின், அதற்குச் சற்று அப்பால் ஒரு சிறு வட்டமாக ஒடுங்குகின்றது. நமது பௌதிக நூல்கள் இதனைக் கண்வளையம் என்கின்றன. கண்மணி அவ்விடத்தில் இருந்தால் மட்டுமே காட்சி முழுமையாகத் தெரியும். முன்னோ பின்னோ நகர்ந்தாற் காட்சி சுருங்கி விளிம்பு இருளும். பக்கவாட்டில் விலகினாற் பிறைவடிவ நிழல் படரும். பொருள்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வளையத்தின் விட்டம் கிடைக்கும்: 24 மில்லிமீற்றர் வில்லையும் நான்கு மடங்கு உருப்பெருக்கமும் 6 மில்லிமீற்றர் வளையத்தையே தரும். வானத்தைப் பார்ப்பவர் பார்வைத்துண்டை ஒட்டிக் கண்ணை வைக்கலாம். துவக்குக்காரருக்கு அது இயலாது. வெடித்த கணத்திலே துவக்கு பின்னுதைக்கும். எனவே கண்விலக்கம் நான்கைந்து விரற்கடையேனும் இருத்தல் அவசியம். அதனை மேலும் நீட்டினால், காட்சிப்பரப்புச் சுருங்கும். அல்லது பார்வைத்துண்டு பருக்கவேண்டும். இவை இயற்கையின் விதிகள். ஆயின் தொலைகாட்டி எவருக்குத் தேவைப்பட்டது, துவக்கின் எப்பாகத்தில் எதன் பொருட்டுப் பொருத்தப்பட்டது, அதன் உதையை எவர் ஏற்றார் என்பன சமூகம் விடையளித்த வினாக்கள்.

இத்தேவை எழாத ஓரிடத்திலிருந்து தொடங்குவது பயனுடையது. சாகாமக் குளத்தை அண்டிய வட்டைகளில் இரவுக் காவலிருந்த முல்லைக்காரனுக்குத் தொலைகாட்டியால் ஆவது ஒன்றுமில்லை. யானை வந்தது இருளில். வந்தபின் அது நின்றது பரணிலிருந்து சில பாக தூரத்தில். அவன் கையில் துவக்கு இருந்தாலும் அது பெரும்பாலும் போடியாருடையது. அதற்கான உரிமமும் அவருடைய பெயரிலேயே இருந்தது. குரலும் தீப்பந்தமுமே அவனது உண்மையான ஆயுதங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்புப் பிரதேசக் காடுகளில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கிலேயரும் யானையைச் சில அடி தூரத்தில் நின்றே சுட்டனர். இரும்புக் குறிகளே அவர்களுக்குப் போதுமாயிருந்தன. யானையைக் கொல்வதற்குக் குடியேற்ற அரசு சன்மானமும் வழங்கிற்று. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதை எமர்சன் டெனன்ட் பதிந்துள்ளார். உழவனுக்கு உயிர்ப்போராட்டமாக இருந்தது துரைமாருக்கு விளையாட்டாயிற்று. ஆயினும் இருவரும் விலங்கைக் கிட்டத்திலேயே சந்தித்தனர்.

தொலைவிலுள்ள மனிதனைக் குறிவைக்கும் தேவை வேறு களங்களில் எழுந்தது. பம்பாய்ப் படையிற் பணியாற்றிய டேவிட் டேவிட்சன் என்னும் அதிகாரி, இந்தியாவில் வேட்டையாடிய அனுபவத்தின் பின்னணியில், துவக்குத் தொலைகாட்டியொன்றை அமைத்து 1862இற் காப்புரிமை பெற்றார். அது மான்செஸ்டரின் ஜோசப் விற்வேர்த் ஆக்கிய துவக்கின் இடப்பக்கத்திற் பூட்டப்பட்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865) தென்னகப் படையினரின் கைகளை அடைந்தது. அவர்கள் அதற்குக் கொடுத்த விலை, அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியின் வழி வந்தது. அப்பருத்தியை நூற்று வளர்ந்த நகரமும் மான்செஸ்டரே. அதே நகரில் ஒரு பருத்தி நிறுவனத்திற் பணிபுரிந்துகொண்டே பிரெடெரிக் ஏங்கெல்ஸ் 1860-61இல் துவக்கின் வரலாறு பற்றித் தொடர்கட்டுரை எழுதினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. இந்தியக் குடியேற்றம், லங்காஷயர் ஆலை, அமெரிக்க அடிமைத்தோட்டம் ஆகிய மூன்றும் ஒரு குழாயிற் சந்தித்தன.

அக்குழாயின் கண்விலக்கமோ மிகச் சிறிது. அதன் முனை ஏறக்குறையக் கண்ணைத் தொட்டுக்கொண்டே இருந்தது. சண்டை முடிந்து திரும்பிய குறிவீரரின் கண்கள் கன்றிக் கறுத்திருந்தமையை அப்போரின் நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. தூரத்தை வென்ற கருவியின் உதையைச் சாதாரணப் படைவீரனின் முகமே வாங்கிற்று.

முதலாம் உலகப்போரிற் சிக்கல் வேறு வடிவங் கொண்டது. ஜேர்மனிய நிலவுடைமையாளரின் வேட்டைத் துவக்குகள் தொலைகாட்டிகளுடன் பதுங்குகுழிகளை அடைந்தன. யெனா நகரின் ஒளியியற் கைத்தொழில் அவற்றுக்குப் பின்னே நின்றது. பிரித்தானியாவோ போருக்கு முன் தனது ஒளியியற் கண்ணாடியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்தது. பின்னர் பிரித்தானியர் பொருத்திய தொலைகாட்டிகளிற் பல துவக்கின் இடப்பக்கத்தில் விலகி நின்றன. காரணம் எளிது. அவர்களின் காலாட்படைத் துவக்கு, மேலிருந்து ஐந்து தோட்டாக்களை ஒருங்கே தள்ளி நிரப்பும் முறையிலானது. மேலே தொலைகாட்டி இருந்தால் அவ்வழி அடைபடும். எனவே குறிவீரன் கன்னத்தைச் சோங்கிலிருந்து விலக்கிப் பக்கவாட்டிற் சாய்ந்து பார்க்க நேர்ந்தது. கன்னம் நிலையாகத் தங்காதவிடத்துக் கண்ணும் கண்வளையத்தில் நிலைக்காது. வேட்டைக்காரராயிருந்து களஞ்சென்ற ஹெஸ்கெத்-பிரிச்சார்ட் 1920இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பைக் கண்டித்தார். பல்லாயிரவர் விரைந்து சுடுவதற்கென வகுத்த துவக்கின்மீது, ஒருவன் பொறுத்திருந்து சுடுவதற்கான கருவியை ஏற்றியதன் முரண்பாடு அது.

இரண்டாம் உலகப்போரிற் பிரித்தானியர் தொலைகாட்டியைக் குழலுக்கு நேர்மேலே வைத்தனர். உயர்ந்த கண்ணுக்கு ஈடாகச் சோங்கின்மேல் மரத்தாலான கன்னத்தாங்கி ஒன்றைத் திருகினர். 1963இற் சோவியத் படை ஏற்ற டிரகுனோவ் துவக்கின் தொலைகாட்டி 68 மில்லிமீற்றர் கண்விலக்கமும், கண்ணைக் காக்கும் இறப்பர்க் கிண்ணமும் கொண்டது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் வில்லைக்குப் பின்னாலிருந்த கண் மெல்ல மெல்லப் பாதுகாப்புப் பெற்றது. முன்னாலிருந்த மனிதனைப் பற்றி இவ்வாறு கூறமுடியாது.

இவ்வரலாறு ஈற்றில் நமது கரைக்கும் வந்து சேர்ந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே தொலைகாட்டி பூட்டிய துவக்குகள் இரு தரப்பிலும் புழங்கின. வட்டைக்குச் செல்லும் வழியே உழவனுக்கு அச்சமாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் ஆண்டுக்கணக்கில் வயல்களைக் கைவிட நேர்ந்தது. முற்காலக் காவற்காரன் தன்னை நோக்கி வந்த யானையைக் கண்டான். யானையும் அவனைக் கண்டது. போர்க்காலத்து உழவனுக்கோ தன்னை எவரேனும் பார்க்கின்றனரா என்பதைக்கூட அறிய வழியிருக்கவில்லை. காண்பவன், காணப்படுபவன் என்ற இப்பிரிவே தொலைகாட்டி நம் மண்ணில் நிறுவிய புதிய உறவு.

தொலைகாட்டி தன்னளவிற் குற்றமற்றது என்று ஒருவர் வாதிடலாம். நில அளவையாளர் கையிலும் அதுவே இருந்தது என்பார். உண்மை. ஆனால் அந்த அளவைத் தொலைகாட்டியும் 1840இன் முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின், எது உழவனது, எது அரசினது எனப் பிரித்துக் கோடிட உதவிற்று. கருவி எவர் கண்ணுக்கேற்பப் பொருத்தப்பட்டது என்ற வினாவை அங்கும் தவிர்க்க இயலாது.

போர் ஓய்ந்தபின்னும் சாகாமத்து வயல்களில் யானை இறங்குகின்றது. அதனை எதிர்கொள்பவன் இன்றும் யானைவெடியும் குரலுமாகவே நிற்கின்றான். யானைச் சன்மானம், துவக்கு உரிமம், குளத் திருத்தம், நில அளவை என வெவ்வேறு கோப்புகளிற் சிதறிக்கிடக்கும் சான்றுகளை ஒன்றாக வைத்து வாசிக்கும்போதே அவனுடைய வரலாறு எழுதப்படும். அப்பணியை மேற்கொள்வோர், வில்லைக்கு இப்பாலிருந்த கண்ணின் அளவுகளோடு அப்பாலிருந்தோரின் கணக்கையும் சேர்த்தே எடுத்தல் வேண்டும்.